குழப்படிப் பிள்ளையின் மனக்காயம்

போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதை உருவாக்கினர். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நாடகம் ஆடினார்கள். சொல்ல வாய் வராத பயத்துக்கு விளையாட்டு வழிவிட்டது.

போர் மட்டுமே பாரமல்ல. 2004இன் சுனாமி கரையோரக் குடும்பங்களைச் சிதைத்தது. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். இவற்றோடு கடன், வீட்டில் குடி, வெளிநாட்டில் பணிப்பெண்ணாக உழைக்கும் தாயின் பிரிவு என்பனவும் வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் பிள்ளைகளை வாட்டுகின்றன.

அந்த வாட்டம் அழுகையாகத்தான் வரும் என்றில்லை. காரணமில்லாத வயிற்றுவலி, தூக்கமின்மை, திடீர்க் கோபம், படிப்பில் சரிவு, பள்ளிக்குப் போக மறுப்பு என்று பல உருவில் வரும். ‘குழப்படி’ என்று அடித்தால் பிள்ளை இன்னும் ஒடுங்கிப்போகும்.

உதவி கேட்பது உரிமை. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 39ஆம் உறுப்புரை, போராலோ துன்புறுத்தலாலோ பாதிக்கப்பட்ட பிள்ளை உடலாலும் மனத்தாலும் மீள அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அரச வைத்தியசாலையில் மனநலச் சிகிச்சை இலவசம். தன்னுயிரை மாய்க்க முயல்வது 1998 முதல் இங்கு குற்றமல்ல. பொலிசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எங்கே போவது? முதலில் நம்பிக்கையான ஆசிரியரிடம் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல உதவிக்கு 1926. துன்புறுத்தல் என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஊருக்குள் பேசித் தீர்த்து மூடினால், பிள்ளை மீண்டும் துன்புறுத்திய அதே ஆளின் கையில்தான் சிக்கும்.

வயற்கார வீடுகளுக்கு ஒன்று: கிருமிநாசினியைப் பூட்டி வையுங்கள். 1995 முதல் கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் இலங்கையில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன.

பிள்ளை பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். இரண்டு வாரம் கடந்தும் மாற்றம் இல்லையென்றால் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அன்றே போங்கள்.