வீட்டு நீர்த்தொட்டிகளின் மட்டங்காட்டிகள்

பெங்களூரில் ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் அண்மையில் உள்ளது நீலசந்திரா. தமிழ் பேசும் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி அது. வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பவை; பக்கவாட்டில் இடமின்மையால் மாடிமேல் மாடியாக உயர்ந்தவை. அங்கே ஒரு வீட்டில் குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் பிடிப்பவர், அந்நீர் கடந்துவந்த வழியைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியில் சுத்தம் செய்யப்படும் காவிரி நீர், சுமார் 500 மீட்டர் உயரம் படிப்படியாக ஏற்றப்பட்டு நகரை அடைகிறது. இத்திட்டத்தின் முதற்கட்டம் 1974இல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயிரம் லிட்டர் நீரை 500 மீட்டர் உயர்த்துவதற்கு, எவ்வித இழப்பும் இல்லையெனக் கொண்டாலும், 1.36 யூனிட் மின்சாரம் தேவை. நடைமுறையில் இதனினும் மிகுதியாகவே செலவாகும்.

இவ்வாறு வரும் நீர் முறை வைத்தே தெருக்களுக்கு விடப்படுகிறது. நீர் வரும்போது அது வீட்டின் முன்புறம் நிலத்தடியில் கட்டப்பட்ட தொட்டியில் விழுகிறது. இதனை மக்கள் ‘சம்பு’ என்பர். சம்பிலிருந்து மோட்டார் அதனை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. ஒன்று மண்ணுக்கடியில், மற்றொன்று தலைக்கு மேல். இரண்டிலும் உள்ள நீர் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே, சமையலறைச் சுவரில் சில சிறு விளக்குகள் கொண்ட ஒரு பலகை மாட்டப்படுகிறது. வீட்டார் நம்புவது அந்த விளக்குகளையே.

அந்த நம்பிக்கை பிழைபட்டால் நேரும் இழப்பு சிறிதன்று. 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரின் ஆழ்குழாய்க் கிணறுகள் பல வற்றின. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நகரக் குடிநீர் வாரியம், வாகனம் கழுவுதல், தோட்டத்திற்குப் பாய்ச்சுதல் முதலியவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதைத் தடை செய்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதே மாதத்தில் தனியார் லாரித் தண்ணீருக்கும் மாவட்ட நிர்வாகம் விலை வரையறுத்தது. அத்தகைய நாளில், தொட்டி காலியாக இருக்கையில் ‘நிறைந்தது’ என்று விளக்கு காட்டினால், நீர் வரும் முறையில் மோட்டார் ஓடாமற் போகும். அடுத்த முறை வரை குடும்பம் காத்திருக்க வேண்டும். நிறைந்த தொட்டியைக் ‘குறைவு’ என்று காட்டினாலோ, 500 மீட்டர் ஏறிவந்த நீர் அடுத்த வீட்டுச் சுவரில் வழியும். சம்பில் நீரில்லாததை அறிவிக்காவிட்டால் மோட்டார் வறண்டு ஓடிக் கெடும்.

இப்பிழைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. எந்த மட்டங்காட்டியும் தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை நேராக அறிவதில்லை. அது வேறொன்றை அறிகிறது: ஒரு மிதவை எங்கே நிற்கிறது, இரு கம்பிகளுக்கிடையே மின்சாரம் பாய்கிறதா, அடியில் எவ்வளவு அழுத்தம், ஓர் ஒலி திரும்பிவர எவ்வளவு நேரம் என இவற்றுள் ஏதேனும் ஒன்றை. அதிலிருந்து நீரின் அளவை அது ஊகிக்கிறது. எதனை அறிகிறது என்பது தெரிந்தால், எப்போது ஏமாறும் என்பதும் தெரிந்துவிடும்.

நம் ஏரிகளிலுள்ள கலிங்கு இவ்வகையில் ஏமாறாத ஒன்று. அதன் விளிம்பே ஏரியின் நிறைமட்டம். கலிங்கு பாய்ந்தால் ஏரி நிறைந்ததென்று ஊரார் அறிவர். அங்கே ஊகத்திற்கு இடமில்லை, நீரே செய்தி சொல்கிறது. வீட்டுத் தொட்டியில் அதற்கு ஈடானது வழிவுக்குழாய். கருவி எத்துணை நவீனமாயினும், அதன் ‘முழுமை’ விளக்கைச் சரிபார்க்க வழிவுக்குழாயைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேறில்லை.

கருவிகளுள் மிகப் பழையது மிதவை. மிதவையில் கட்டிய கம்பியைக் கப்பியின்மேல் செலுத்தி, மறுமுனையில் ஒரு முள்ளைத் தொங்கவிட்டு, தொட்டியின் வெளிப்புறத்தில் எழுதிய அளவுகோலில் மட்டத்தைப் படிப்பர். மிதவை உயர முள் தாழும். ஆகையால் அளவுகோலின் எண்கள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். இதை அறியாதவர் நிறைந்த தொட்டியைக் காலியென்று படித்துவிடுவதுண்டு. மிதவையில் நீர் புகுந்து அது மூழ்குவதும், கப்பி துருப்பிடித்து இறுகுவதுமே இதன் நோய்கள். இரண்டும் கண்ணால் காணத்தக்கவை என்பது இதன் சிறப்பு.

இன்று வீடுகளில் பெருவழக்காக உள்ளது மின்வாய் முறை. தொட்டியின் அடிவரை ஒரு பொதுக் கம்பி இறங்கும். கால், அரை, முக்கால், முழுமை ஆகிய உயரங்களில் வேறு கம்பிகள் முடியும். நீர் ஒரு கம்பியின் நுனியைத் தொட்டவுடன், பொதுக் கம்பிக்கும் அதற்குமிடையே நீரின் வழியாக மிகச் சிறு மின்னோட்டம் பாய்கிறது. டிரான்சிஸ்டர் ஒன்று அதனைப் பெருக்கி விளக்கை எரியச் செய்கிறது. அமைப்பு எளிது, விலையும் குறைவு. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மின்சாரத்தைக் கடத்துவது நீரன்று. நீரில் கரைந்துள்ள உப்புக்களே. தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீர் நன்கு கடத்தும். ஆற்றுநீர் அதனினும் குறைவாகவும், நேரே பிடித்த மழைநீர் மிகக் குறைவாகவும் கடத்தும். ஆகவே கிணற்றுநீருக்கென அமைத்த கருவி, மழைநீர் சேரும் சம்பில் நீர் தளும்பும்போதும் ‘காலி’ என்று சொல்லக்கூடும். மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பெங்களூரில் களப்பணியாளர் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் இரு ஆணிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, 9 வோல்ட் மின்கலம், ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு, அதற்குரிய மின்தடை ஆகியவற்றுடன் தொடராக இணைக்கவேண்டும். குழாய்நீரில் விளக்கு மங்கலாக எரியும். சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைநீரில் அது மேலும் மங்கும், அல்லது அணைந்தே போகும். ஒரு சிட்டிகை உப்பிட்டால் பளிச்சென்று ஒளிரும். குழாய்நீரில் சிறிது நேரம் விட்டுவைத்தால் எதிர்முனை ஆணியில் நுண்குமிழிகள் தோன்றுவதையும் மாணவர் காண்பர். அது ஹைட்ரஜன்.

அக்குமிழிகளே அடுத்த குறையையும் விளக்குகின்றன. ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் கருவியில் ஓயாது மின்பகுப்பு நிகழ்கிறது. நேர்முனைக் கம்பி மெல்ல மெல்லக் கரைந்து தேய்கிறது. எதிர்முனையை ஒட்டிய நீர் காரத்தன்மை பெறுவதால், கடினநீரிலுள்ள சுண்ணாம்பு அங்கே வெண்மையாகப் படிகிறது. ஆதலால் நல்ல கருவிகளில் திசைமாறும் மின்னோட்டமோ, விட்டுவிட்டு ஒருகணம் மட்டும் பாயும் மின்னோட்டமோ பயன்படுத்தப்படுகிறது. கம்பிகளும் செம்பாக இராமல் துருப்பிடியா எஃகாக இருத்தல் நலம்.

படிவு இருவகையாக ஏமாற்றும். இறுகிய சுண்ணாம்பு கம்பியின் நுனியை முழுதும் மூடினால், நீர் தொட்டும் விளக்கு எரியாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பாசியும் படிவும் ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்குப் பாலமாகப் படர்ந்தால், நீர் இறங்கிய பின்னரும் விளக்கு அணையாது. கருவிக்கு வேண்டிய மின்னோட்டம் மிகச் சிறிது. ஈரப்படலம் ஒன்றே அதற்குப் போதுமானது. சுற்றுலாவுக்குப் பயன்படும் வீட்டு வண்டிகளில் சமையற்கழிவு நீரைச் சேர்க்கும் தொட்டிகளில் இக்குறை மிகுதி. சுவரில் பதித்த மின்வாய்களின்மீது சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, வெறுந்தொட்டியையும் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததாகக் காட்டும். வண்டிக்காரர் கருவி பழுதென்று எண்ணுவார். கருவி பழுதன்று, சுவர் அழுக்கு.

சோதனை எளிது, எனினும் இரண்டு பகுதியாகச் செய்யவேண்டும். முதலில் மின்வாய்களை வெளியே எடுத்துத் துடைத்து உலர்த்திக் காற்றில் தொங்கவிடுக. எல்லா விளக்குகளும் அணையவேண்டும். பின்னர் அதே தொட்டியின் நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, பொதுக் கம்பியையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தோய்த்திடுக. அதனதன் விளக்கு எரியவேண்டும். ஒரு பகுதியை மட்டும் செய்து திருப்தியடைவதே பலர் செய்யும் தவறு. மின்வாய்கள் குறைந்த வோல்ட்டில், 230 வோல்ட் மின்சாரத்தினின்று முற்றிலும் பிரிக்கப்பட்டு இயங்குபவையாக இருத்தல் இன்றியமையாதது. சோதிக்குமுன் பிரதான சுவிட்சை அணைத்தே கம்பியைக் கழற்றுதல் வேண்டும்.

அழுத்த முறையில் கருவி தொட்டியின் அடியில் அமைகிறது. ஒரு மீட்டர் உயர நீர், வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அழுத்தம் தரும். படிவும் பாசியும் இதனை எளிதில் ஏமாற்றா. ஆனால் நீரின்மேல் காற்றும் அழுத்துகிறதல்லவா? அதனைக் கழிப்பதற்காகக் கருவியின் பின்புறத்திற்கு வெளிக்காற்று செல்லும் நுண்குழாய் ஒன்று கம்பியுடனேயே வருகிறது. அது எறும்பாலோ ஈரத்தாலோ அடைபட்டால் வேடிக்கையான விளைவொன்று நேரும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவில் உயர்ந்தும் மாலை 4 மணியளவில் தாழ்ந்தும் இருக்கும். இடைப்பட்ட வேறுபாடு 3 முதல் 4 மில்லிபார்; அதாவது 3 முதல் 4 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் இது 25 முதல் 30 லிட்டராகும். ஆகவே ஒருவரும் குழாயைத் திறக்காத நாளிலும் நண்பகலில் நீர் குறைந்து இரவில் மீண்டதாகக் கருவி காட்டும். தொட்டி ஒழுகுவதாக எண்ணி வீட்டார் கொத்தனாரை அழைப்பர். வானிலை ஆய்வகத்தார் அழுத்தமானியில் காணும் அலையையே அவர்கள் மொட்டைமாடியில் காண்கின்றனர்!

எதிரொலி முறையில், தொட்டியின் மூடியிலுள்ள கருவி செவிக்கெட்டாத ஒலியை நீர்ப்பரப்பை நோக்கி அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளக்கிறது. நீரைத் தொடாததால் இதில் தேய்வில்லை. எனினும் ஒலியின் வேகம் உஷ்ணநிலைக்கேற்ப மாறும்: 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடுதல். வெயிலில் நிற்கும் கருநிறத் தொட்டியின் உட்காற்று 45 டிகிரியை எட்டினால், இம்மாற்றத்தைக் கணக்கிற்கொள்ளாத கருவி, ஒரு மீட்டர் கீழே உள்ள நீரை 4 சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டும். மூடியின் உட்புறம் கோக்கும் நீர்த்துளிகளும் ஒலியைச் சிதைக்கும்.

மட்டம் சரியாகவே தெரிந்தாலும், மட்டம் வேறு, கொள்ளளவு வேறு. நேராக நிற்கும் உருளைத் தொட்டியில் பாதி உயரம் பாதி நீர். கால் உயரம் கால் நீர். தண்ணீர் லாரியின் படுக்கை வடிவத் தொட்டியில் அப்படியன்று. கால் உயரத்தில் உள்ளது 25 விழுக்காடன்று, 19.5 விழுக்காடே. பத்தில் ஒரு பங்கு உயரத்தில் 5 விழுக்காடே தேறும். தொட்டியின் முகப்பு வட்டமாயினும் நீள்வட்டமாயினும் கணக்கு இதுவே. 6,000 லிட்டர் லாரியில் ‘கால் தொட்டி மீதி’ என்று குச்சியால் அளந்து விலை பேசுவோர், 1,500 லிட்டர் என்றெண்ணி 1,170 லிட்டர் பெறுவர்.

வண்டி சரிவில் நின்றால் மற்றொரு பிழை சேரும். நூறுக்கு ஐந்து சரிவில் நிற்கும் ஒரு மீட்டர் நீளத் தொட்டியில் இரு கோடிகளுக்கிடையே மட்டம் 5 சென்டிமீட்டர் வேறுபடும். பெட்டி வடிவத் தொட்டியின் நடுவில் மட்டும், அடித்தளம் முழுதும் நீரால் மூடப்பட்டும் மேல்மூடியை நீர் தொடாமலும் இருக்கும்வரை, சரிவு எப்படியிருப்பினும் மட்டம் மாறாது. வீட்டு வண்டிகளில் கருவியை நடுவில் பொருத்தச் சொல்வது இதனாலேயே.

இறுதியாக, கருவியில் ஐயம் எழுந்தவுடன் சம்பின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். மூடிய சம்பில் உயிர்வளி குறைந்திருக்கலாம், நச்சுவாயுவும் தேங்கியிருக்கலாம், இறங்கியவர் மூர்ச்சித்து விழ ஓரிரு மூச்சே போதும். காப்பாற்ற இறங்குபவர்க்கும் அதே கதி நேரும். திறந்த சம்பின் அருகே சிறுவர் நிற்கவும் கூடாது.

மேலிருந்தபடியே அளக்க ஒரு மூங்கிற்குச்சி போதும். 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள சம்பில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் 30 லிட்டர். குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக, கோடு ஒன்றுக்கு 300 லிட்டர் என வண்ணத்தால் எழுதி, மாதம் ஒருமுறை விளக்குப் பலகையுடன் ஒப்பிட்டு, அளவு முடிந்ததும் மூடியைப் பூட்டிவிடவேண்டும்.