தலைக்கு மேல் எந்தக் கூரை?

வீடு கட்டுகிறவர்கள் தரை டைல்ஸுக்காக நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். சமையல் மேடைக்கு எந்த கிரானைட் என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. கூரை மட்டும், “கான்கிரீட்தானே சார்?” என்று மேஸ்திரி கேட்பதோடு முடிந்துவிடுகிறது. நம் ஊரில் வீட்டுக்குள் வெப்பம் அதிகமாக இறங்குவது அந்தக் கூரை வழியாகத்தான். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில், மேற்குச் சுவருக்குச் சாயங்கால வெயில். மொட்டை மாடிக்கோ விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெயில். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் மேலே நிற்கிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி வீட்டுக்குள் இறக்குகிறது. அதனால்தான் பதினொரு மணிக்கும் மின்விசிறியிலிருந்து அனல் வருகிறது.

அதற்காகத் தளமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். துணி காயப்போட, வடகம் பிழிய, பிள்ளைகள் காலத்தில் இன்னொரு மாடி எடுக்க மொட்டை மாடி வேண்டுமென்றால் தட்டைத் தளம்தான் வழி. கடலோரத்தில் அதைவிட வலுவான காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, கீற்றும் ஓடும் தகரமும் பறந்துபோயின. அந்த ராத்திரியைப் பார்த்த டெல்டாக்காரர் தளம்தான் கேட்பார். கேட்கட்டும். அந்தத் தளத்தின் மேல் என்ன போடுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸைப் பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. தேக்கு விலை ஏறிப்போக, சட்டத்தின் இடத்தைக் கான்கிரீட் பிடித்தது. மேலடுக்கு மட்டும் தப்பிப் பிழைத்தது. இன்றும் கொத்தனார்கள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்று சொல்வது அதைத்தான்.

அதைச் சரியாகப் போடுவது பொறுமையான வேலை. நன்றாக வெந்த செங்கல்லை உடைத்த ஜல்லியோடு நீர்த்த சுண்ணாம்பைக் கலந்து, குவித்து, தண்ணீர் தெளித்துப் புரட்டி ஊறவிட வேண்டும். பிறகு தளத்தில் சுமார் மூன்றங்குலம் பரப்பி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அவ்வப்போது தெளிப்பார்கள். அடித்த கட்டை தடம் பதிக்காமல் எகிற வேண்டும்; அதுவரை தட்டுவது நிற்காது. ஜல்லிக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் வெப்பத்தைத் தடுக்கின்றன. சுண்ணாம்பு, தளம் வெயிலில் விரிந்து சுருங்குவதற்குக் கொஞ்சம் ஈடுகொடுக்கிறது. மழைநீர் வழிய வேண்டிய வாட்டமும் இந்த அடுக்கிலேயே அமைந்துவிடுகிறது: பத்தடிக்கு இரண்டங்குலமாவது கேளுங்கள்.

இப்போது பல இடங்களில் நடப்பது வேறு. சுண்ணாம்பு ஊற நேரமில்லை என்று ஜல்லியில் சிமெண்டைக் கொட்டுகிறார்கள். அது சீக்கிரம் இறுகிவிடும், தட்டவும் முடியாது, பின்னால் வெடிப்பும் விடும். சிலர் ஜல்லியையே விட்டுவிட்டு, சிமெண்ட் கலவையில் தட்டோடு பதித்து முடிக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் சரியான வேலையும் இந்த வேலையும் ஒன்று போலவே சிவப்பாக இருக்கும். வித்தியாசம் முதல் சித்திரையில் கீழே படுக்கிறவருக்குத் தெரியும்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடா? வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ‘கூல் ரூஃப்’ டைல்ஸ் பதிக்கலாம். கையில் காசு குறைவென்றால் பங்குனியில் இரண்டு கை சுண்ணாம்பு அடியுங்கள். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். ஆனாலும் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

மாடி தேவையில்லாதவர்களுக்கு ஓடு இன்னும் நல்ல கூரை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1865இல் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கிய ஓடுதான் நம் ஊர்கள்வரை வந்தது. ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். உடைந்தால் உடைந்ததை மட்டும் மாற்றலாம். சரிவு முப்பது டிகிரி அளவுக்கு இருந்தால் மழை உள்ளே ஏறாது. காற்று அதிகமான ஊரென்றால் இருபக்கச் சரிவைவிட நான்கு பக்கமும் சரிகிற கூரை தாங்கும். இறவாரத்தை நீட்டாதீர்கள், ஓர ஓடுகளைக் கம்பியால் கட்டுங்கள் அல்லது சாந்து வைத்துப் பிடியுங்கள்.

தளமும் வேண்டும், ஓடும் பிடிக்கும் என்பவர்களுக்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ஃபில்லர் ஸ்லாப்’ இருக்கிறது. தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கம்பிகளுக்கு இடையில் உள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் இரண்டு ஓடுகளைச் சேர்த்து வைத்தால் கான்கிரீட் மிச்சமாகும், எடை குறையும், நடுவில் அடைபட்ட காற்று சூட்டையும் தடுக்கும். கம்பிக் கணக்குத் தெரிந்த பொறியாளர் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதன் இழைத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஷீட்டை அறுத்துத் துளை போடும் தொழிலாளிதான் அதை முதலில் சுவாசிக்கிறார்.

இதையெல்லாம் சென்ட்ரிங் அடித்த பிறகு யோசித்துப் பயனில்லை. சரிவா தட்டையா என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் ‘தட்டோடு பதித்தல்’ என்று ஒற்றை வரி இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு ஜல்லி எத்தனை அங்குலம், வாட்டம் எவ்வளவு, எந்த மூலையில் குழாய் என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, அது குழாயைத் தேடிப் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.