காலையில் வெயில், மாலையில் கல்மழை

ஜூலை மாதத்து மாலை வேளையொன்றைக் கற்பனை செய்து பாருங்கள். வெயில் நன்றாக எறிக்கிறது. கொடியில் துணி காய்கிறது. பிள்ளைகள் வாசலில் சைக்கிள் ஓடுகிறார்கள். நீங்கள் குசினியில் இராச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்கிறீர்கள். மேற்கே ஒரு கரிய மேகம் எழுகிறது. சற்று நேரத்தில் கூரை மீது யாரோ கருங்கற்களை அள்ளி வீசுவது போன்ற சத்தம்! யன்னல் கண்ணாடி நொறுங்குகிறது. பதினைந்து நிமிடங்களில் எல்லாம் ஓய்ந்து மீண்டும் வெயில் வருகிறது. ஆனால் தோட்டமும், கூரையும், வாசலில் நின்ற காரும் பழைய நிலையில் இல்லை.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலுள்ள கல்கரி நகரத்து இல்லத்தரசிகளுக்கு இது வெறும் கற்பனையன்று. ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் மனதில் இருக்கும் அச்சம் இது.

ஏன் அங்கே?

கல்கரி, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தில் அமைந்த நகரம். மேற்கே ரொக்கி மலைத்தொடர். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளிச் சமநிலம். கோடை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலையடிவாரத்தில் வேகமாக மேலெழும்புகிறது. மேலே கடுங்குளிர். அங்கே நீர்த்துளிகள் பனிக்கட்டியில் ஒட்டி உறைந்து, படை படையாகப் பருக்கின்றன. மேலெழும் காற்றினால் தாங்க முடியாத அளவுக்குக் கட்டி கனத்ததும் அது கீழே விழுகிறது.

நமது நாட்டு இடிமேகங்களின் உச்சியிலும் பனிக்கட்டி உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் அது வெப்பக் காற்றினூடாக நீண்ட தூரம் இறங்குவதால், பெரும்பாலும் உருகி மழையாகி விடுகிறது. உயரமான கல்கரியில் உருகுவதற்கு அவ்வளவு தூரம் இல்லை. தேசிக்காய் அளவிலும், சில வேளை டெனிஸ் பந்து அளவிலும் அது அப்படியே வந்து விழுகிறது.

மறக்க முடியாத மூன்று நாட்கள்

1991 செப்டெம்பர் 7ஆம் திகதி பெய்த கல்மழைக்காகக் காப்புறுதி நிறுவனங்கள் 34 கோடி டொலருக்கும் அதிகமாக வழங்க நேர்ந்தது. 2020 ஜூன் 13ஆம் திகதி நகரின் வடகிழக்குப் பகுதி தாக்கப்பட்டது. தெற்காசியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் குடியேறிய குடும்பங்கள், அவற்றுள் முஸ்லிம் குடும்பங்களும், பெருமளவில் வாழும் பகுதி அது. ஏறத்தாழ 70,000 வீடுகளும் வாகனங்களும் சேதமடைந்தன. காப்புறுதி இழப்பு 120 கோடி டொலரளவில். கொரோனாக் காலத்தில் வருமானம் குன்றியிருந்த வேளையில் விழுந்த அடி அது. 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி மீண்டும் வந்தது. அம்முறை விமான நிலையக் கட்டடமும் விமானங்களும் கூடத் தப்பவில்லை. இழப்பு ஏறத்தாழ 300 கோடி டொலர்.

இதைத் தடுக்க வழியில்லையா என்று நீங்கள் கேட்கலாம். காப்புறுதி நிறுவனங்களின் செலவில் 1996 முதல் விமானங்கள் மேகங்களுக்குள் வெள்ளி அயடைட் துகள்களைத் தூவி வருகின்றன. கட்டிகள் பெருக்காமல் சிறிதாகவே விழட்டும் என்பதே நோக்கம். ஆயினும் முற்றாகத் தடுக்க மனிதனால் முடியவில்லை என்பதற்கு மேற்சொன்ன நாட்களே சாட்சி.

இல்லத்தரசியின் அன்றாடம்

அங்கே காலையில் வீட்டை விட்டுப் புறப்படுமுன் மேற்கு வானத்தைப் பார்ப்பது பழக்கமாகி விடுகிறது. கையடக்கத் தொலைபேசியில் வானிலை எச்சரிக்கையையும் பார்க்கிறார்கள். ஒரே நாளில் காலையில் குளிரும், நண்பகலில் வெயிலும், மாலையில் புயலும் வருமாதலால் பிள்ளைகளின் பைக்குள் மேலங்கியொன்று எப்போதும் இருக்கும். மே மாதக் கடைசிக்கு முன் தக்காளிக் கன்றை வெளியே நட்டால் பனி கருக்கிவிடும்; நட்ட பின்போ கல்மழைக்குப் பயம். ஆகவே வாளி, பழைய போர்வை, வலை எல்லாம் வாசலருகே தயாராக இருக்கும்.

இடி கேட்டதும் பிள்ளைகளை உள்ளே அழைத்து, திரைச்சீலைகளை இழுத்து மூடி, யன்னல்களிலிருந்து விலகி இருக்க வேண்டும். காரை மூடவென்று கல்மழைக்குள் ஓடுவது ஆபத்து. கார் போனால் வேறொன்று வாங்கலாம். தலையில் பட்ட அடிக்கு மாற்று உண்டா?

கவனிக்க வேண்டிய கடதாசி

உண்மையான கஷ்டம் மழை விட்ட பிறகே தொடங்குகிறது. அல்பேர்ட்டாவில் சட்டம் கட்டாயமாக்கும் வாகனக் காப்புறுதியில் கல்மழைச் சேதம் அடங்காது. சொந்த வாகனத்தின் மீது விழும் கல்மழைக்கு வேறாகப் பணம் கட்டிப் பாதுகாப்புப் பெற வேண்டும். மாதம் சில டொலர்களை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்ட குடும்பத்தில், வாடகைக் கார் ஓட்டும் கணவனின் வாகனம் நொறுங்கினால் வருமானமே நின்றுவிடும். வீட்டுக் காப்புறுதியிலும் முதல் சில ஆயிரம் டொலர்களை வீட்டுக்காரரே பொறுக்க வேண்டியிருக்கலாம். இவ்விபரம் அநேகருக்குச் சேதம் நடந்த பின்னரே தெரிய வருகிறது.

மறுநாள் காலையில் கூரை திருத்துவதாகச் சொல்லிக் கதவைத் தட்டுவோர் வருவார்கள். முற்பணம் கேட்டால் அரசாங்க அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். உடைந்தவற்றை ஒதுக்குமுன் ஒவ்வொன்றையும் படம் பிடித்து வைக்க வேண்டும். கணவர் வேலைக்குப் போயிருக்கும் வேளையில் இவற்றையெல்லாம் செய்யும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. காப்புறுதிக் கடதாசி எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வாள்?

உங்கள் மகளோ, சகோதரியோ அந்த நகரில் குடியேறியிருக்கக் கூடும். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, "மழை பெய்ததா?" என்று கேட்பதோடு நின்று விடாதீர்கள். "காப்புறுதிக் கடதாசியை வாசித்துப் பார்த்தாயா, மகள்?" என்றும் கேளுங்கள். வானத்தை மாற்ற நம்மால் முடியாது. வீட்டுக் கடதாசிகளை அறிந்து வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.