புகார் சொல்லும் 'நாங்கள்' யார்?

ஒரு போராட்டத்துக்குத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். "நாங்கன்னு போட்டிருக்கியே தம்பி, அதுல நாங்க இருக்கமா?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் 1776இன் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை மறுபடி படித்தேன்.

எல்லோரும் சமம் என்னும் அதன் முன்னுரையைத்தான் நாம் மேடைகளில் எடுத்துப் பேசுகிறோம். நடுவில் உள்ள புகார்ப் பட்டியலைப் படிப்பதில்லை. பொதுவாக 27 புகார்கள் என்று எண்ணுவார்கள். எழுவாய் அநேகமாக ஒன்றே: 'அவர்'. கடலுக்கு அப்பால் இருந்த மன்னர் மூன்றாம் ஜார்ஜ். சட்டங்களுக்கு ஒப்புதல் தர மறுத்தார், சட்டசபைகளைக் கலைத்தார், நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டார் என்று நீள்கிறது.

விசித்திரம் என்னவென்றால், 1765இன் முத்திரை வரியும் 1774இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடிய சட்டமும் பாராளுமன்றம் இயற்றியவை. பிரகடனத்தில் பாராளுமன்றம் என்ற சொல்லே இல்லை! எங்கள் பிரதிநிதி இல்லாத அந்த அவைக்கு எங்கள்மேல் அதிகாரமே கிடையாது என்ற நிலைப்பாட்டுக்கு அவர்கள் வந்திருந்தார்கள். மிச்சமிருந்த கயிறு ராஜவிசுவாசம்தான். 1775 ஜூலையில்கூட மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். அவர் அதை வாங்கவே மறுத்தார். இருக்கிற கயிற்றைத்தானே அறுக்க முடியும்? மனு குற்றப்பத்திரிகை ஆனது. எல்லாக் குற்றமும் ஒரே ஆள் தலையில்.

கடைசிப் புகாருக்கு வருவோம். மன்னர் உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினார், பூர்வகுடிகளை ஏவிவிட்டார் என்கிறது. பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்றே வர்ணிக்கிறது. இன்னொரு புகார், புதிய நிலங்களை எடுத்துக்கொள்ள நிபந்தனைகளைக் கடுமையாக்கினார் என்பது. அது யார் நிலம் என்பதில் பிரதி மௌனம். 'கலகம்' என்பதற்குப் பின்னால் 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர் விட்ட அறிவிப்பு இருக்கிறது: கலகக்கார எஜமானர்களை விட்டு ராஜபடையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை. டன்மோருக்கு அது போர்த் தந்திரம், அவ்வளவுதான். ஆனாலும் ஒருத்தனுடைய விடுதலை இன்னொருத்தனுக்குப் புகாராகிவிடுகிறது. அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடி ஜெஃபர்சன் எழுதிய பத்தியைக் குடியேற்றங்களின் காங்கிரஸ் வெட்டிவிட்டது. அவரும் தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர்தான்.

அப்படியானால் இது வெறும் போலிப் பிரதி என்று மூடிவைத்துவிடலாமா? எனக்கு அப்படித் தோணல. 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹாலும் வேறு சில கறுப்பர்களும் மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு மனு கொடுத்தார்கள். பிரிட்டனுக்கு எதிராக நீங்கள் பேசும் நியாயம் எங்களுக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். 1848இல் செனெகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் பட்டியலின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மன்னர் இருந்த இடத்தில் ஆணை நிறுத்தினார்கள்.

புகார் அதை எழுதியவர்களின் சொத்தாக நின்றுவிடுவதில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அதை எடுத்து, எழுதியவர்கள் மீதே திருப்புகிறார்கள். அந்த அக்கா செய்ததும் அதுதான். துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன்னாடி இந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளலாமே.