கைப் படத்தில் தெரியும் முதுகு

பிள்ளைக்கு முதுகு கோணியிருக்கிறது என்று எலும்பு மருத்துவரிடம் போனால், முதுகுப் படத்தோடு இடது கையையும் எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்வார். நாகர்கோவில் ஸ்கேன் சென்டர் வாசலில் சீட்டைப் பார்க்கும் அப்பாமார், மருத்துவர் தப்பாக எழுதிவிட்டாரோ என்று மயங்குவதுண்டு. தப்பில்லை. இன்று கோணல் எத்தனை டிகிரி என்பதை முதுகுப் படம் காட்டும். பிள்ளை இன்னும் எவ்வளவு வளரப்போகிறது என்பதைக் கைப் படம் காட்டும். அறுவை வேண்டுமா, எப்போது, எந்த அறுவை என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது சேதியைப் பொறுத்தவை.

முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரிக்குக் குறையாமல் வளைந்து, கூடவே முறுக்கியும் கொண்டால் அது ஸ்கோலியோசிஸ். 10 வயதுக்குள் வந்தால் சிறுவயது ஸ்கோலியோசிஸ் என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பிறவியிலேயே ஒரு முள்ளெலும்பு அரைகுறையாக அமைந்திருக்கலாம், தசை நோய் இருக்கலாம், காரணமே பிடிபடாமலும் போகலாம். புத்தகப் பையின் கனத்தாலோ சாய்ந்து உட்காருவதாலோ இது வருவதில்லை. அதற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். கைக்குழந்தை என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆச்சியின் கைக்கே ஒரு பக்க விலா புடைத்திருப்பது முதலில் தட்டுப்படலாம். பள்ளிப் பிள்ளையைக் கால் சேர்த்து நிறுத்தி, முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் அதே புடைப்பு தெரியும்.

வளைவைக் கண்டதும் நிமிர்த்திக் கம்பி வைத்து எலும்புகளை ஒட்ட வைத்துவிட்டால் என்ன? பெரியவர்களுக்கு அது சரி. 5 வயதுப் பிள்ளைக்குச் செய்தால் முதுகு நேராகும். ஆனால் ஒட்டிய பகுதி அதோடு வளராது. பிறந்தபோது மார்புப் பகுதி முதுகெலும்பின் உயரம் சுமார் 11 செ.மீ. தான். 5 வயதில் அது 18, 10 வயதில் 22, வளர்ந்து முடிந்த பெண்ணுக்கு 26, ஆணுக்கு 28. நுரையீரலின் காற்றறைகள் பெருகுவதும் முக்கியமாக முதல் எட்டு ஆண்டுகளில்தான். மார்புக்கூடு குட்டையாக நின்றுவிட்டால் நுரையீரலுக்கு இடம் ஏது? அந்த உயரம் 18 செ.மீ.க்குக் கீழேயே நின்றுபோன பிள்ளைகள் பலருக்கு மூச்சுத்திறன் கடுமையாகக் குன்றியிருந்ததை 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இன்னொரு சிக்கலும் உண்டு. பின்புறம் ஒட்டியபின் முன்புறம் மட்டும் வளர்ந்துகொண்டே போனால், நேராக்கிய முதுகு மறுபடி முறுக்கிக்கொள்ளும்.

வளர்ச்சி ஒரே நோயில் பகையாகவும் உறவாகவும் இருக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. 1970களில் சென்னையில் முதுகெலும்புக் காசநோய்க்கு நடந்த சிகிச்சை ஆய்வில் சேர்ந்த 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகளை, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001இல் வெளியிட்டார். அது கூன் பற்றியது, பக்கக் கோணல் பற்றியதல்ல. நோய் ஆறிய பிறகும் கூன் சும்மா இருக்கவில்லை. 39 சதவீதத்தில் வளர்ச்சி நிற்கும் வரை கூடிக்கொண்டே போனது. 44 சதவீதத்தில் வளர வளரக் குறைந்தது. எது கூடும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களையும் அவர் வகுத்துத் தந்தார். ஒரு பிள்ளைக்குக் கத்தியும் இன்னொரு பிள்ளைக்குக் காத்திருப்பும் ஏன் சரி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வேலையை நான் அறியேன்.

மிச்ச வளர்ச்சியைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே வயதுப் பிள்ளைகளின் எலும்பு வயது இரண்டு ஆண்டு வரைகூட முன்பின்னாக இருக்கும். நெடுங்காலமாக இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பார்த்தார்கள்: அங்கே எலும்பு படர்வதை 0 முதல் 5 வரை தரம் பிரித்தவர் ஜோசப் ரிஸ்ஸர், 1958இல். அதில் ஒரு குறை. பிள்ளை மிக வேகமாக வளரும் கட்டம் முழுவதும் ரிஸ்ஸர் 0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். 1 தெரியும்போது உச்ச வேகம் கடந்திருக்கும். விரல் எலும்புகளோ அந்தக் கட்டத்திலும் படிப்படியாக மாறுகின்றன. விரலெலும்பின் அடிப்பகுதியில் கறுப்புக் கோடாகத் தெரியும் வளர்தட்டு இன்னும் திறந்திருக்கிறதா, மூடத் தொடங்கிவிட்டதா என்று பார்த்து 8 நிலைகளாகப் பிரித்தார் ஜேம்ஸ் சாண்டர்ஸ், 2008இல். கைப் படம் கேட்பது இதற்காகத்தான்.

முள்ளெலும்புகள் சரியாக அமைந்திருக்கும் கைக்குழந்தைக்கு முதலில் மாவுக்கட்டு. லண்டனை அடுத்த ஸ்டான்மோரில் பணிபுரிந்த டாக்டர் மின் மேத்தா, மயக்கம் கொடுத்து உடம்பைச் சுற்றிக் கட்டி, வளர வளர மாற்றிக்கொண்டே வந்தார். 2005இல் 136 குழந்தைகளின் முடிவை வெளியிட்டார். சராசரி 1 வயது 7 மாதத்தில் தொடங்கிய 94 பேருக்குக் கோணல் நேராகியது. 2 வயது 6 மாதத்தில் தொடங்கிய 42 பேருக்குக் குறைந்தது, நேராகவில்லை. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திருந்து இழப்பது இந்த மாதங்களைத்தான்.

கட்டுக்கும் முதுகு பெல்ட்டுக்கும் அடங்காத கோணலுக்கு நீளும் கம்பிகள். மேலும் கீழும் மட்டும் பிடிப்பு வைத்து, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுவை செய்து நீட்டுவார்கள். வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் கம்பியை ஹாங்காங் மருத்துவர்கள் 2012இல் அறிவித்தார்கள். நீளும் கம்பி சுலபமான வழி இல்லை. பழைய வகைக் கம்பி பொருத்திய 140 பிள்ளைகளின் 2010 ஆய்வில் 58 சதவீதம் பேருக்கு ஒரு சிக்கலாவது வந்தது. ஒவ்வொரு கூடுதல் அறுவையும் அபாயத்தை 24 சதவீதம் ஏற்றியது, தொடக்கத்தை ஓராண்டு தள்ளிப்போடுவது 13 சதவீதம் குறைத்தது. கட்டும் பெல்ட்டும் முழுக்க நேராக்காவிட்டாலும் ஓரிரு ஆண்டுகளை ஈட்டித் தந்தால் அதுவே லாபம் என்பது இதனால்தான்.

எல்லாப் பழைய படங்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். உட்கார வைத்து அளந்த உயரத்தையும் குறித்து வையுங்கள். நின்ற உயரத்தில் காலின் வளர்ச்சியும் கலந்துவிடும். பெண்பிள்ளை என்றால் சடங்கு நடந்த தேதி வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும்; அதை மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள். பொதுவாக அதற்குப் பிறகு சுமார் இரண்டு ஆண்டு வளர்ச்சியே மிச்சம். விரல் வளர்தட்டுகள் மூடியதும் கம்பி நீட்டுவது நிற்கும். பலருக்கு அப்போதுதான் எலும்புகளை ஒட்டும் இறுதி அறுவை நடக்கிறது. வளைவு அடங்கி, முதுகு தானாகவே இறுகிவிட்ட பிள்ளைக்கு அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிடும் மருத்துவர்களும் உண்டு.