‘டாமி’க்கு மூச்சு நின்றால்...

வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? அல்லது, யாரும் அழைக்காமலே வந்து அடுப்பங்கரையைச் சொந்தமாக்கிக்கொண்ட பூனையாவது உண்டா? அப்படியானால் இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

மனிதருக்குத் திடீரென்று ஹிருதயம் நின்றால், மார்பை அழுத்தி உயிரூட்ட முயலுவார்கள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். நாய்க்கும் பூனைக்கும் அதே சிகிச்சை உண்டு என்றால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. இந்த வித்தையை மனிதன் கற்றுக்கொண்டதே நாயிடமிருந்துதான்!

1958-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் கோவன்ஹோவன் என்று ஒரு மின்சார எஞ்சினீயர். வயது எழுபதுக்கு மேல். தாறுமாறாகத் துடிக்கும் ஹிருதயத்தை மின்சார அதிர்ச்சியால் சரிப்படுத்த முடியுமா என்று நாய்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் வேலை பார்த்த நிக்கர்பாக்கர் என்ற மாணவர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். கனமான மின்சாரத் தகடுகளை மார்பின்மேல் வைத்து அழுத்தியபோதே, மின்சாரம் பாயுமுன்பே, நாயின் ரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது! வெறும் அழுத்தமே ரத்தத்தை ஓட வைக்கிறதே! ஜூட் என்ற ரண சிகிச்சை டாக்டரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1959-ல் அங்கே மயக்க மருந்தால் ஹிருதயம் நின்றுபோன ஒரு பெண்மணி இந்த முறையில் பிழைத்தாள். 1960-ல் மூவரும் கட்டுரை எழுதி உலகத்துக்கு அறிவித்தார்கள்.

வித்தையைக் கொடுத்த நாய்க்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? அதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று! மிருக வைத்தியர்கள் அவரவர் அறிந்தபடி செய்துவந்தார்கள். டாக்டர் போல்லர், டாக்டர் பிளெச்சர் என்ற இருவரின் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் கூடி, ஆராய்ச்சிகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, ‘ரிகவர்’ என்ற பெயரில் பொதுவான விதிமுறைகளை வெளியிட்டது 2012-ல்தான். 2024-ல் அவற்றைத் திருத்தியும் இருக்கிறார்கள்.

முறை என்னவோ எளிதுதான். கூப்பிட்டாலும் தட்டினாலும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நாடியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. நிபுணர்களே தேடித் தேடி ஏமாந்துபோகும் நாடி அது! பத்துப் பதினைந்து விநாடிக்குள் தீர்மானித்துவிட வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் ஆரம்பித்துவிடுவதே மேல். கெட்டியான தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கைமேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை. மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது, பாதி வரைகூட, உள்ளே போக வேண்டும். தடவிக் கொடுப்பதுபோல் அழுத்தினால் பயனில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் முழுவதும் தளர்த்திவிட வேண்டும்; அப்போதுதான் ஹிருதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும்.

எந்த இடத்தில் அழுத்துவது? அது உடல்வாகைப் பொறுத்தது. நம் சிப்பிப்பாறை நாயைப் போல் மார்பு குறுகி, ஆழமாக இறங்கியிருந்தால் நேரே ஹிருதயத்தின்மேல். அதாவது, முன்னங்காலை மடக்கினால் முழங்கை படும் இடத்தில். பீப்பாய்போல் உருண்ட மார்பானால் மிகவும் அகன்ற பாகத்தில். புல்டாக்கைப் போல் மார்பு தட்டையாக அகன்றிருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்செலும்பின்மேல். அப்போது நாலில் ஒரு பங்கு ஆழம் போதும். பூனைக்கும் குட்டி நாய்க்கும் ஒரு கையே போதும்: மார்பை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு பக்கம் கட்டைவிரலும் மறு பக்கம் மற்ற விரல்களுமாகப் பிடித்து அழுத்தலாம்.

முப்பது தடவை அழுத்தியதும், வாயை மூடிப் பிடித்து, கழுத்தை முதுகோடு நேராக்கி, மூக்கின் வழியாக இரண்டு முறை மார்பு உயரும்படி ஊத வேண்டும். பழக்கமில்லாத தெரு நாயானால் ஊத வேண்டாம். வெறிநோய் எச்சிலில்தானே இருக்கிறது? அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவது நல்லது. செய்து பார்த்தால்தான் அந்த இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று புரியும்! ஆனால் உயிரோடு ஓடியாடும் நாயிடம் செய்து பார்க்க வேண்டாம். வீட்டுச் சிரஞ்சீவிகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தலையணை இருக்கிறது, பழகுவதற்கு.

இதனால் எத்தனை பிழைக்கும்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஹிருதயம் நிற்கும் மனிதர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் பிழைத்து வீடு திரும்புகிறார். நாய் பூனைகளிலோ நூற்றுக்கு ஆறு ஏழுகூடத் தேறுவதில்லை. மாரடைப்பு அவற்றுக்கு அபூர்வம். வேறு ஏதாவது கடும் நோய் முற்றித்தான் ஹிருதயம் நிற்கிறது. ஆனால் மயக்க மருந்து கொடுத்திருக்கும்போது நின்றால் சங்கதியே வேறு. காரணம் தெரியும், டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார், மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் ஊசியும் தயார். அந்த நிலையில் பாதி வரைகூடப் பிழைத்ததாக ஆராய்ச்சி சொல்கிறது.

ஆகவே, செல்லப்பிராணியை ஆஸ்பத்திரியில் விட்டுவரும்போது, “ஹிருதயம் நின்றால் முயற்சி செய்யலாமா?” என்று டாக்டர் கேட்டால் பதறாதீர்கள். அபசகுனம் என்று காதைப் பொத்திக்கொள்ளவும் வேண்டாம். கருத்தடை ஆபரேஷனுக்கு வந்திருக்கும் இளம் நாய் என்றால், தயங்காமல் “செய்யுங்கள்” என்று சொல்லலாம். பதினைந்து வயதாகி, சிறுநீரகமும் கெட்டு, வலியில் முனகிக்கொண்டிருக்கும் கிழப் பூனை என்றால்? “வேண்டாம், நிம்மதியாகப் போகட்டும்” என்று சொல்லும் எஜமானிக்குப் பாசம் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். எதுவானாலும் வீட்டில் எல்லோரும் கலந்து முன்னதாகவே முடிவு செய்துகொள்வது நலம். அந்த வேளையில் டெலிபோனில் அழுதுகொண்டே முடிவு செய்வது மிகவும் கஷ்டம்.

இன்னொன்று. வீட்டிலேயே மூச்சு திரும்பிவிட்டால், “ஆயிற்று, பிழைத்துவிட்டது” என்று பால் காய்ச்சக் கிளம்பிவிடாதீர்கள். சில மணி நேரத்துக்குள் ஹிருதயம் மறுபடி நின்றுபோவது சகஜம். ஒருவர் வண்டியை ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள். இராத்திரியிலும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலை எது என்பதை இன்றைக்கே விசாரித்து, காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.