எழுதிய விபரம் எங்கே செல்கின்றது?

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இல்லந்தோறும் நிகழும் காட்சியை நேயர்கள் அறிவர். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறந்து, வெறுமையாயிருக்கும் கட்டத்தினுள் சுட்டெண்ணை எழுதிப் பொத்தானை அழுத்துகின்றாள் மாணவி. சிறு பொழுதிற் பெறுபேறு திரையில் தோன்றுகின்றது. சில வேளை நெடும்பொழுது காத்திருந்தும் தோன்றாது போகின்றது. அழுத்துதலுக்கும் தோன்றுதலுக்கும் இடையே நிகழ்வது யாது?

திரையிற் காணும் படிவம் முழுவதுமே பயணஞ் செய்வதாகப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. தலைப்பும் கோடும் நிறமும் இங்கேயே நின்றுவிடும். படிவத்தை ஆக்கியோர் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு பெயர் சூட்டியிருப்பர். அப்பெயர், ஒரு சமக்குறி, அக்கட்டத்தில் எழுதப்பட்ட விடை ஆகிய இவையே செல்வன. கட்டங்கள் பலவாயின், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்டதொரு வரியாக்குவது உலாவி என்னும் மென்பொருளின் வேலை. அடையாளமிடாது விட்ட சதுரத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் செல்வதில்லை. மாறாக, எழுதுவோர் கண்ணுக்குத் தெரியாத மறைகட்டங்கள் சிலவற்றின் விபரமும் உடன் செல்வதுண்டு.

இவ்வரியில் வெற்றிடத்திற்கு இடமில்லை. பெரும்பாலும் அங்கே ஒரு கூட்டற்குறி அமரும். தமிழெழுத்தின் நிலை இன்னும் வேடிக்கையானது. 'அம்மா' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினியோ அதனை அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என 5 குறிகளாகக் கொள்ளும். குறி ஒவ்வொன்றும் 3 பைற்று. பைற்று ஒவ்வொன்றும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு உருக்களுமாக எழுதப்படும். ஆகவே, குழந்தை முதலிற் கற்கும் அச்சொல் 45 உருக்களாக நீண்டு செல்கின்றது!

வரி செல்லும் முறை இருவகை. 1995 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 என்னும் விதித்தொகுதி இரண்டையும் வகுத்துரைத்தது. 'கெற்' என்னும் முறையில், முகவரியின் ஈற்றில் ஒரு வினாக்குறியிட்டு விபரம் ஒட்டப்படும். கடிதவுறையின் மேல் விலாசத்தோடு செய்தியையும் எழுதிவிடுவது போன்றது இது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவதற்கு இதுவே நன்று. அம்முகவரியை அப்படியே நண்பர்க்கும் அனுப்பலாம். ஆயின், பலர் பயன்படுத்தும் பாடசாலைக் கணினியில் அம்முகவரி உலாவியின் பழைய பதிவுகளிற் கிடக்கும். அடுத்து வந்தமர்பவர் அதனை எளிதிற் காணலாம். கடவுச்சொல்லை இவ்வழியால் அனுப்பும் படிவம் பிழையாக ஆக்கப்பட்ட படிவமே.

'போஸ்ற்' என்னும் மற்றைய முறையில் விபரம் உறையினுள்ளே செல்லும். உள்ளே செல்வதனால் அஃது இரகசியமாயிற்று என்று எண்ணுவது தவறு. உறை ஒட்டப்படவில்லை, இடைவழியில் நிற்பவர் திறந்து வாசிக்கலாம். கடவுச்சொல்லை எழுதுகையில் திரையிற் புள்ளிகள் தோன்றுகின்றனவே எனின், அப்புள்ளிகள் அருகிலிருப்போர் கண்ணை மட்டுமே மறைப்பன. உறையை ஒட்டி முத்திரையிடுவது எச்.ரி.ரி.பி.எஸ். என்னும் மறைகுறி ஏற்பாடு. அவ்வேற்பாடு இருப்பின், வினாக்குறியின் பின் வரும் விபரத்தையும் இடைவழியில் எவரும் வாசித்தல் இயலாது. எனினும் இக்கரையில் உலாவியின் பதிவும், அக்கரையில் பெறுவோரின் குறிப்பேடும் அதனால் அழிவதில்லை.

அக்கரையில் உள்ளது சேவையகம் என்னும் கணினி. அது வரியைப் பெற்று, பெயர்வேறு விடைவேறாகப் பிரித்து, விடையை மீளவும் சோதித்தல் வேண்டும். சுட்டெண்ணில் இலக்கம் குறைந்தால் உலாவியே தடுத்திருக்குமன்றோ என்று கேட்கலாம். படிவத்தைத் திறவாமலே அத்தகைய வரியொன்றைப் புனைந்து அனுப்ப வல்லார் உளர். ஆதலின் உலாவியின் சோதனையை நம்பியிருக்கும் சேவையகம் ஏமாறும். சோதித்தபின் உரிய பெறுபேற்றைத் தேடியெடுத்து, புதிய பக்கமொன்றாக்கித் திருப்பியனுப்பும்.

பெறுபேற்று நாளில் இத்தகைய வரிகள் பல்லாயிரம் ஒரே கணத்தில் வந்து குவியும். சேவையகத்தால் ஒரு வேளையில் ஓரளவையே கவனித்தல் கூடும். ஏனையவை காத்து நிற்கும், சில திருப்பப்படும். பொறுமையிழந்த மாணவி பொத்தானை மீண்டும் அழுத்துகின்றாள். முதல் வரி இன்னும் காத்து நிற்க, அதே சுட்டெண்ணைச் சுமந்த மற்றுமொரு வரி புறப்பட்டு, வரிசையின் கடைசியிற் போய் நிற்கின்றது.